செம்பருந்துக்குக் காத்திருந்த காலை

கென்யாவில் மூன்று வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு 1960களின் கடைசியில் மட்டக்களப்புக்குத் திரும்பினேன். அங்கே ஒரு கழுகு கொக்குக் குஞ்சைத் தூக்கும் கணத்தை நான் படம் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "பறவையைப் படம் எடுக்கப் பொறுமைதான் வேணும்" என்று விளக்கமும் சொன்னேன்.

வாவிக்கரையில் இருந்த எங்கள் முற்றத்தில் மனைவியின் கோழி குஞ்சுகளோடு மேயும். தினமும் ஒரு செம்பருந்து தென்னைக்கு மேலே வட்டமிடும். மனைவிதான் முதலில் காண்பாள். கண்டதும் கூச்சல் போட்டுக் கலைத்துவிடுவாள்.

"நாளைக்கு மட்டும் சத்தம் போடாம இரு" என்று கெஞ்சினேன். அரைமனதோடு சம்மதித்தாள்.

மறுநாள் காலை கமராவோடு கிணற்றடியில் பதுங்கினேன். பருந்து இறங்கியது. அதன் கால்கள் ஒரு குஞ்சுக்கு நேரே நீண்டன. அவ்வளவுதான், "சூ! சூ!" என்று கத்திக்கொண்டு இடுப்பில் கட்டிய சாரம் அவிழ முற்றத்துக்குப் பாய்ந்துவிட்டேன். பருந்து பறந்தது. தாய்க்கோழி என்னைக் கொத்தியது.

மனைவி அடுப்பை விட்டுவந்து குசினி வாசலில் நின்று சிரித்தாள். "அப்ப ஆபிரிக்காவில என்னெண்டு பொறுமையா இருந்தீங்க?"

"அது நம்மட குஞ்சு இல்லையே!"

காலில் இரத்தம் வழிந்தது. அவள் மஞ்சள் எடுக்க உள்ளே போனாள், சிரிப்பை நிறுத்தாமலே.