ஷிச்சிக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

ரொட்டிக்கடைக்காரருக்கு ஐம்பது வயதில் ஜப்பான் மொழி வந்தது. மொத்தம் பத்தே சொல், பத்தும் எண். கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வேண்டுமென்றால் மாணவர் வரிசைக்கு எதிரே நின்று இச்சி, நி, சான் என்று உரக்க எண்ண வேண்டும். எண்ணுக்கு ஓர் உதை. அடுத்த எண் வரும்வரை யாரும் அசையக் கூடாது.

மாவு பிசையும்போது எண்ணினார். தட்டில் பன் அடுக்கும்போது எண்ணினார். நாலு பன் கேட்டவரிடம் "ஷிதானே?" என்று உறுதி செய்துகொண்டார், பாவம், அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

வகுப்பில் முதலில் சேர்ந்தது மனைவிதான். கடைப் படியில் விழுந்து, மாவுக்கட்டு பிரித்த பிறகும் இடது கால் அந்த அம்மாளின் சொல்பேச்சு கேட்கவில்லை. "உதைக்கப் பழகினா தானா வழிக்கு வரும்" என்று கிளம்பிவிட்டார். துணைக்குப் போன கணவரும் வெள்ளை உடுப்போடு திரும்பினார். குடும்பஸ்தர்களுக்கு வீரம் இப்படித்தான் வருகிறது.

பரீட்சையில் ரொட்டிக்கடைக்காரரின் முறை வந்தபோது, அவர் குரல் ரோக்கு, அதாவது ஆறு வரை கணீரென்று ஒலித்தது. ரோக்குவுக்குத் தூக்கிய கால் இறங்கும்போது பின்வரிசையில் மனைவி தடுமாறினார். கணவர் வாய் மூடிக்கொண்டது.

"ஷிச்சி! ஷிச்சி!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு புண்ணியவான் அடுத்த எண்ணை எடுத்துக்கொடுத்தார். இவர் செவிடர்போல நின்றார். அந்தக் கால் தரையில் ஊன்றிய பிறகுதான் "ஷிச்சி!" என்றார். மிச்ச எண்களுக்கும் அதே கதை.

"என்ன சார், மறந்துட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர், சுத்தமா மறந்துட்டேன்."

மனைவிக்கு மஞ்சள் பெல்ட். இவருக்கு மறுபரீட்சை.

கடைக்கு வந்ததும் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். "குளிக்கிறப்பகூடக் கத்துவீங்களே, ஏழு மட்டும் எங்க போச்சு?"

"வயசாகுதுல்ல."

"என் காலயே பாத்துக்கிட்டு நின்னது எனக்குத் தெரியாதா?"

"விழுந்துட்டா?"

"விழுந்தா எந்திரிக்கிறேன். நீங்க ஃபெயிலாகி எனக்கு ஒரு பெல்ட்டா? எண்ணுங்க இப்ப. நிறுத்தாம."

அடுப்புக்கும் மாவு மேசைக்கும் நடுவே இடம் ஒதுக்கினார்கள். கணவர் எண்ணினார். ரோக்குவில் மனைவியின் கால் ஆடியது. அவர் மறுபடியும் எண்ணுவதை விட்டு அந்தக் காலையே பார்த்தார்.

"ஷிச்சி!" என்று அந்த அம்மாளே கத்திவிட்டுக் காலைத் தூக்கினார்.

கணவர் பதறிப்போய்க் கை நீட்டினார். கால் தானாகவே இறங்கி நின்றது.

"கைய எடுங்க," என்றார் மனைவி. "அடுத்தது சொல்லுங்க."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, "ஹச்சி" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.