ஊசிக்கு முன் ஒரு தொடுகை

என் குரல் நன்றாக இருக்கிறதென்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கல்லூரியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுதான் என் தகுதி.

தொண்ணூறுகளின் கடைசியில், நியூஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரியின் வீடியோ அறையில் எனக்கு வேலை. எடிசனிலிருந்து காரில் போய் வருவேன். ஓர் இத்தாலிய ஷூ கம்பெனி எங்கள் கல்லூரியோடு கைகோத்தது. அவர்களுக்கு நியூவர்க்கில் ஒரு பழைய தொழிற்சாலை, வேலூர்ப் பக்கம் ஒரு புதிய தொழிற்சாலை. நியூவர்க் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் தோல் வெட்டக் கல்லூரி கற்றுக்கொடுக்கும். அவர்கள் தைப்பதை நாங்கள் படம்பிடித்து வேலூருக்கு அனுப்புவோம், அங்குள்ள பெண்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். திறன் வளர்ப்புக் கூட்டுத் திட்டம் என்று பெயர். நியூவர்க்கில் இனி தையலே இருக்காது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படம்பிடிக்க ஒரு போர்ச்சுகீசிய அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சிடுசிடுப்பானவர், எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவர் வேலை. இரண்டு தோல் துண்டுகளை எடுப்பார், ஓரம் சேர்ப்பார், கழுத்துக்குக் கீழே சட்டையை ஒருமுறை தொடுவார், பிறகு ஊசிக்குக் கீழே வைப்பார். ஒவ்வொரு ஷூவுக்கும் அப்படித்தான்.

முதல் நாள் எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். தன் கை மேலே போவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“அதை வெட்டி எடுத்துவிடு,” என்றார். “அது வேலை இல்லை. அது என் மகன்.”

சட்டைக்குள்ளிருந்து ஒரு லாக்கெட்டை எடுத்துத் திறந்தார். முன்பல் விழுந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் சேர்ந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டானாம். “இவனை நான் யாருக்கும் காட்டியதில்லை. ஊர் பார்க்க விடாதே.”

இத்தாலியிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் டேப்போடு கூடவே தைக்க வேண்டும், நடுவில் வெட்டினால் தாளம் போய்விடும் என்றார். சரி, தொடாமல் தைக்கிறேன் என்று அந்த அம்மா உட்கார்ந்தார். தையல் கோணிக்கொண்டு போனது. லாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கை வெறும் சட்டையைப் போய்த் தொட்டது.

“இருந்துவிட்டுப் போகட்டும்,” என்றேன் நான். “அவ்வளவு தூரத்தில் இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?” அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்தப் படத்துக்குத்தான் நான் தமிழில் குரல் கொடுத்தேன். ஓரத்தைச் சேருங்கள், ஊசிக்கு அடியில் வையுங்கள், மெதுவாக மிதியுங்கள். அந்தக் கை மேலே போகும் இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த மௌனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். படத்தில் அவர் முகம் தெரியாது. கை மட்டும் எழும், தொடும், இறங்கும். சில நாளில் அது என்னையும் பிடித்துக்கொண்டது. கார் சாவியைத் திருப்புமுன் என் கை தானாகத் தாலிக்குப் போகும்.

“என்ன, ஆஃபீஸுக்குப் போறியா, கோயிலுக்குப் போறியா?” என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

பிறகு வேலூரிலிருந்து பதிலுக்கு ஒரு டேப் வந்தது. பெண்கள் எப்படித் தேறியிருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக. எஞ்சினியர், அந்த அம்மா, நான் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய கூடம், வரிசை வரிசையாக மெஷின்கள், யூனிஃபார்மில் இளம் பெண்கள். பின்னால் என் குரல் கேட்டது. ஓரத்தைச் சேருங்கள் என்றது. சேர்த்தார்கள். குரல் நின்றது. அத்தனை பேருடைய கையும் ஒன்றாக எழுந்து நெஞ்சைத் தொட்டது. கல்யாணமானவர்கள் தாலியைத் தொட்டார்கள். மற்றவர்கள் வெறுங்கழுத்தைத் தொட்டார்கள். பிறகு எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓடின.

பக்கத்தில் அந்த அம்மா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வீண் அசைவு,” என்றார் எஞ்சினியர். “தொடக் கூடாது என்று தமிழில் பேசி அனுப்பு.”

அவர் காப்பி எடுக்க வெளியே போனார். அந்த அம்மா டேப்பைப் பின்னால் ஓட்டச் சொன்னார். கைகள் மறுபடி எழுந்தன. மறுபடி ஓட்டச் சொன்னார்.

“யார் சொல்லிக்கொடுத்தது இவர்களுக்கு?”

“யாரும் இல்லை. உங்களைப் பார்த்துத்தான்.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நிறுத்தச் சொல்லாதே. யாரைத் தொடுகிறார்கள் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்.”

எஞ்சினியர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்க, நான் மைக்கில் பேசினேன். “நெஞ்சைத் தொடுறது தையலோட சேர்ந்தது இல்லம்மா. இங்க தைக்கிற அம்மாவுக்கு ஒரே பையன், சின்ன வயசுல இறந்துட்டான். அவன் படத்தத்தான் தொடுறாங்க. இனிமே உங்க இஷ்டம்.” சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்குத் திருப்தி.

அதற்குப் பதில் டேப் வரவில்லை. நியூவர்க் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்த அம்மா வெட்டும் பயிற்சியை முடிக்காமலே எங்கேயோ போய்விட்டார், போன் எண்ணும் மாறிவிட்டது. வேலூர்ப் பெண்கள் நிறுத்தினார்களா, இன்னும் தொடுகிறார்களா, எனக்குத் தெரியாது.

அடுத்த குளிர்காலத்தில் மாலில் ஒரு ஷூ எடுத்துப் பார்த்தேன். அந்தக் கம்பெனியுடையதுதான். இந்தியாவில் செய்தது என்று உள்ளே அச்சடித்திருந்தது. தையல் அவ்வளவு நேராக இருந்தது.

“சைஸ் சரிதானே? போட்டுப் பாரேன்,” என்றார் வீட்டுக்காரர்.

ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜோடி என்றால் அந்தப் பிள்ளையை இரண்டு முறை தொட்டிருப்பார்கள். அதற்குள் காலை விட எனக்கு மனம் வரவில்லை.