நாச்சியாருக்கு நேர்ந்த கிடுகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். வாய்விட்டுச் சொன்னால் பயந்தது பலித்துவிடுமோ என்று ஒரு கலக்கம். எங்கள் ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை நடமாடுகிறது. அதில் நானும் வருகிறேன். நடந்தது அப்படி இல்லை.

அப்போது பள்ளிக்கூடம் என்பது தெருக்கோடியில் நாலு மண்சுவரும் மேலே தென்னை ஓலையில் முடைந்த கிடுகும்தான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவார்கள். வாத்தியாருக்கு வீட்டுக்கு வீடு கம்பும் சோளமும் அளப்போம். சர்க்கார் ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடம் நிலைக்கும், இல்லையென்றால் அவர் மூட்டை கட்டவேண்டியதுதான். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், ஆடிக்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் பாதி வீட்டுக்கும் அதே கதி. யாரிடம் போய்க் கேட்பது?

அன்று காலையில்தான் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டினேன். பங்குனியில் எங்கள் மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை எழுந்தால் ஆடிப்பூரப் பந்தலுக்கு ஒரு வண்டி கிடுகு தருகிறேன் என்று என் வீட்டுக்காரி ஆண்டாள் நாச்சியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்தது. விரலெல்லாம் கீறிப்போக அவளே முடைந்தாள். அந்தக் கிடுகோடு அவளும் பிள்ளையும் வண்டியில் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலில் வாத்தியார் காற்று விட்டுப்போன ஓலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன வாத்தியாரே, வானமே கூரைன்னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருவமா?” என்று ஒருத்தன் கேலி பேசினான்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

“செத்த நிறுத்துங்க. இங்கன இறக்கிருங்க” என்றாள் இவள்.

“ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா? நாச்சியாருக்கு நேர்ந்தது. புள்ள உசுரு.”

“முடைஞ்சவளுக்குத் தெரியாதா? அங்க பந்தலுக்கு ஊருபட்ட கிடுகு வரும். இங்க எவன் கொண்டாருவான்?”

“பொறவு ஒண்ணு ஆச்சுன்னா?”

“எனக்குத் தெரியாது. இறக்குங்க.”

சொல்லும்போது பிள்ளையை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், போனார். பள்ளிக்கூடம் நிலைத்தது.

ஆடிப்பூரத்துக்கு நாங்கள் வெறுங்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சன்னதியில் எனக்குத் தலை நிமிரவில்லை. இவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “பாத்துக்கோ தாயே” என்றாள், அம்புட்டுதான். அடுத்த ஆடிக்கு ஒரு வண்டி கிடுகு கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிந்திக் கொடுத்தது நேர்த்திக்கடனில் சேருமா என்று யாரைக் கேட்பது? அதற்குப்பிறகு மகள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். பக்கத்தில் இவளும் விழித்துக் கிடப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் நல்லபடியாகப் பிள்ளை பெற்று எழுந்த அன்றைக்குத்தான் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டன. பேரன் இப்போது அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். கிடுகு போய் ஓட்டுக்கூரை வந்துவிட்டது.

நாச்சியார் என் கனவில் வந்து, “எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடு” என்று சொன்னாளாம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் கருணையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அப்படி ஒரு கனவு வந்திருந்தால் அத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே! கனவு வரவில்லை. முடைந்தவள் இறக்கச் சொன்னாள், பயந்துகொண்டே இறக்கினேன்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கனவைச் சேர்க்காதீர்கள், எங்கள் பயத்தையும் விட்டுவிடாதீர்கள்.