இரண்டு நாடு கேட்ட தீவும் மடுல்சீமை பஸ்ஸும்

தீபாவளிக்கு முதல் நாள், கன்டெய்னர் லொறி வாசலில் நிற்கும்போது, லேபல் சரியில்லை என்று கொழும்பிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது? நான் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை. எங்கள் வீட்டில் கொழுந்துக் கூடை தூக்காமல் மேசை வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஹாலிஎலயில் ஒரு தேயிலை பெக்கிங் ஸ்டோரில் ஷிப்பிங் உதவியாளர். இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. முதல் ஸ்டிக்கர்

ஓடர் ஃபோக்லண்ட் தீவுகளுக்கு. அட்லாண்டிக் கடலின் தெற்குக் கோடியில், ஆட்களைவிட ஆடுகள் அதிகமுள்ள இடம். ஆளுவது இங்கிலாந்து. அது தன்னுடையது என்று சொல்வது ஆர்ஜென்டினா. அவர்கள் அதை மால்வினாஸ் என்பார்கள். அதற்காக யுத்தமே நடந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கார்ட்டன் எல்லாவற்றிலும் 'ஃபோக்லண்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி முடிந்திருந்தது. பெக்கிங் பெண்கள் ஊருக்குப் போகப் பையோடு வந்திருந்தார்கள். அப்போதுதான் எக்ஸ்போர்ட் மனேஜரின் அழைப்பு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐசே, கப்பல் ஆர்ஜென்டினாப் பக்கத்தால போகுதாம். அங்கதான் பெட்டியை மாத்தி ஏத்த வேணும். ஃபோக்லண்ட் எண்டு கண்டா மறிச்சுப் போடுவாங்களோ எண்டு ஏஜென்ட் பயப்பிடுறான்."

"மறிப்பாங்களா சேர்?"

"அது ஆருக்குத் தெரியும்? ஃபோக்லண்ட், மால்வினாஸ் எண்டு ரெண்டு பேரையும் போட்டுப் புதுசா ஒட்டும்."

2. மண்ணெண்ணெய் இல்லாமல்

ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்க மண்ணெண்ணெய் தொட்டால் நொடியில் வந்துவிடும். ஆனால் தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே நகத்தால்தான் உரிக்க வேண்டும், அதுவும் முந்தின இரவு மருதாணி வைத்த கைகளால்.

பெக்கிங் மேசைக்குப் பொறுப்பான செல்வி அக்கா என் அம்மாவோடு கொழுந்து பறித்தவர். கோபம் வந்தால்தான் என்னைச் சேர் என்பார்.

"ஏங்க சேர், பிள்ளைக்குத்தான் வீட்டுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னு ரெண்டு பேரு இருக்கும். தீவுக்குமா?"

பெக்கிங் பெண்களில் ஒருத்தியான பவானி சிரிக்கவில்லை. "சேர், மூணு மணி பஸ்ஸ விட்டா மடுல்சீமைக்கு நான் எப்படிப் போவேன்? எனக்குத் தலத்தீபாவளி."

கல்யாணமாகி வரும் முதல் தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் மடுல்சீமையில் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். அவள் கணவன் சுதாகர் கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்கிறவன். அவன் வந்து பதுளை பஸ் ஸ்டேண்டில் காத்திருப்பான், இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

"ரெண்டு மணிக்குள்ள முடிச்சிரலாம்," என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ.

3. தீவிலிருந்து ஒரு குரல்

புது ஸ்டிக்கர் பாதிக் கார்ட்டன்களில் ஏறியதும் வழக்கம்போலப் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பினேன். அங்கே விடியற்காலை. இருந்தும் உடனே என்னைப் போனில் அழைத்தார். அந்த இரண்டாவது பெயரோடு ஒரு கார்ட்டன்கூடத் தன் கடைக்குள் வராது, வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவருடைய அண்ணன் அந்த யுத்தத்தைப் பார்த்தவராம். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்றுதான் தெரியவில்லை.

மனேஜரிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டையும் கழட்டும். கடைப் பேர் மட்டும் போதும்."

"இத காலையிலேயே செஞ்சிருக்கலாமே சேர்?"

"நீர் காலமையே சொல்லியிருக்கலாமே?"

திரும்பிப் பார்த்தேன். பவானியின் இரண்டு நகம் உடைந்திருந்தது.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் வாசலில் மறித்த வாட்சரைத் தள்ளிக்கொண்டு சுதாகர் உள்ளே வந்தான். புதுச் சட்டை, ஒரு கையில் பை, மறு கையில் லட்டுப் பெட்டி. பெக்கிங் ஹோலுக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லாததால், அவன் பதுளையிலிருந்து எத்தனை தடவை அழைத்தும் பவானிக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளைக்கும் ஒரு கார்ட்டன் குடுங்கடி, உரிக்கட்டும்," என்றார் செல்வி அக்கா.

அவன் என்னைப் பார்த்தான். "சேர், அந்தத் தீவு உங்களுதா?"

"இல்ல."

"என்னுதும் இல்ல. இவளுதும் இல்ல. அப்ப நாங்க போறோம்."

பவானி என் முகத்தைப் பார்த்தாள். போகச் சொன்னேன். அவளை மட்டும் எப்படிச் சொல்வது? எல்லோரையும் போகச் சொன்னேன். இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். வெறும் லொறி கொழும்புக்குத் திரும்பியது. "ஆக்கள் போயிட்டாங்க, சேர்" என்றதற்கு மனேஜர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

4. கடைசி ஸ்டிக்கர்

தீபாவளியன்று, நான் எண்ணெய்த் தலையோடு நிற்கும்போது மனேஜரே மீண்டும் அழைத்தார்.

"ஐசே, கப்பல் மாறிட்டுது. இப்ப இங்கிலாந்தால போகுது. முதல் ஸ்டிக்கரே சரி."

லீவு முடிந்து வந்து, உரித்த இடத்திலேயே பழைய பெயரை மறுபடி ஒட்டினோம். பவானி என் மேசையில் அதிரசம் வைத்தாள். அன்றைக்கு பஸ் புறப்பட்ட பிறகு, சுதாகர் குறுக்கே போய்க் கைகாட்டி நிறுத்த, இருவரும் ஏறினார்களாம்.

"இன்னைக்கு எந்தப் பேரு சேர்?" என்றாள்.

ஒரு நாட்டின் பெயரை அச்சடிக்குமுன் அதை யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். நான் இப்போது எந்த ஓடருக்கும் இரண்டு கேள்வி கேட்கிறேன். கப்பல் எந்த வழியாகப் போகிறது? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? முதல் கேள்விக்குக் கொழும்பு இன்னும் யோசித்துத்தான் பதில் சொல்கிறது. அதுவரை யாரையும் மேசையில் நிறுத்திவைப்பதில்லை.