முதுகில் ஒரு காது

"சட்டையைத் தூக்கு. மூச்சை நல்லா இழு. பேசாதே."

வண்டியிலிருந்து இறங்கியவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் அவருடைய வெறும் முதுகில் காதைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் மலை உச்சிச் சுரங்கத்துச் சமையல்காரம்மா. இரு கைகளிலும் மாவு. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் அடங்கிவிடுகிறது. இடப்பக்கம், வலப்பக்கம், விலாவுக்கு அடியில். "ம், போ. போய்ச் சாப்பிடு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் கூடம் மறுபடி சாப்பிடத் தொடங்குகிறது.

விடுப்பில் கீழே போய்த் திரும்பும் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. மேலாளரே ஆனாலும் சட்டையைத் தூக்கியாக வேண்டும். சமையல்காரம்மாவுக்கு 'காது அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபம் வராது. "வாய் அக்கான்னு வைக்கலையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

கன்னங்கள் செங்கல் நிறம். உதடுகள் எப்போதும் நாவல் பழம் தின்றவை போலிருக்கும். விரல் நுனிகள் உருண்டு பருத்திருக்கும். மரம்கூட முளைக்க மறுக்கிற உயரத்தில் வெகுகாலம் வாழ்ந்த உடம்பு அது. காற்று மெலிந்த இடத்தில் உடம்பு தன் ரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகுமாம். கூடக் கூட அது கெட்டிப்படும். அதனால் மருத்துவ அறைச் செவிலி அவ்வப்போது அக்காவிடமிருந்து ஒரு பை ரத்தத்தை இறக்கிவிடுவார். விருந்தாளியாகச் சில நாள் அங்கே தங்கியிருந்த நான் பார்த்த அன்று அது குழாயில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. கறுப்பென்றே சொல்லிவிடலாம்.

"பாகு பதம் வந்துடுச்சு. இறக்கிடலாம்" என்றார் அக்கா. செவிலி சிரிக்கவில்லை. "நீங்கதான் மலையை விட்டு இறங்கணும்" என்றார்.

அக்கா இறங்கத் தயங்கியதற்குக் காரணம் கணவர். அவர் அங்கே பாறை ஏற்றும் வண்டி ஓட்டியவர். விடுப்பில் போய், முகம் தெளிந்து, சிரித்துக்கொண்டு திரும்பினார். மறுநாள் இருமல். சளிதான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். விடிந்தபோது வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை.

"தண்ணியே இல்லாத மலையில மூழ்கிப் போனார்" என்றார் அக்கா.

உயரத்துக்குப் பழகியவர்களையும் கீழே போய்த் திரும்பும்போது இது பிடிக்கலாம் என்று செவிலி விளக்கினார். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும். இதயமோ விடாமல் தள்ளும். அழுத்தம் தாங்காமல் நீர் கசிந்து, காற்று நிற்க வேண்டிய அறைகளில் நிறையும். அக்காவுக்கு அது ஒரு சத்தம். "காதோரத்து முடியை ரெண்டு விரலால உரசிப் பாருங்க. அதேதான்." அந்தக் காது தவறியதும் உண்டு. வெறும் சளி பிடித்த ஒரு கிடங்குக்காரரை அலறியடித்துக் கீழே அனுப்பி வைத்திருக்கிறார்.

இரவு வேலைக்காரர்கள் பகலில் உறங்கும் கொட்டகைக்கு ஒரு மதியம் என்னை அழைத்துப் போனார். கரண்டியைக் கீழே வைக்க மறந்திருந்தார். கட்டில்களில் மூச்சுகள் வேகமாக ஏறின, மெலிந்தன, நின்றன. உயரத்துத் தூக்கம் அப்படித்தானாம். ஒரு கணம் எல்லா மூச்சும் ஒன்றாக நின்றுவிட்டது. அத்தனை பேர் படுத்திருந்தும் ஆளே இல்லாத இடம் போலிருந்தது. பிறகு மூலையில் ஒருவர் வெடுக்கென்று காற்றை இழுத்தார்.

"வந்துட்டான்" என்று முணுமுணுத்தார் அக்கா. அடுத்த கட்டிலைப் பார்த்து, "இவனும் வந்துட்டான்."

எங்கேயிருந்து என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வருடம் அக்காவின் தம்பி விடுப்பு முடிந்து திரும்பினான். வெடி வைக்கும் பிரிவில் வேலை. "முதுகு கூசுதுக்கா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று நழுவிவிட்டான். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து பிடித்துக் காதை வைத்தார்.

"சும்மா ஜலதோஷம்க்கா."

"அவரும் இதையேதான்டா சொன்னார்."

செவிலி ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். சரக்கு லாரி தயாரானது. அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க திரும்பி ஏறும்போது உங்களுக்கும் இது வரலாம்" என்று எச்சரித்தார் செவிலி.

"முதல்ல இவன் இறங்கட்டும்."

வளைவுகளில் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் தம்பி முகமூடியை விலக்கி, "அக்கா, பின்னாடி அத்தான் உக்காந்திருக்காரே, கொஞ்சம் நகரச் சொல்லு, மூச்சு முட்டுது" என்றான்.

"காத்து கம்மியானா மூளை இப்படியெல்லாம் காட்டும்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா என்னிடம். "தெரிஞ்சும் திரும்பிப் பார்க்கலை. ஒருவேளை இருந்துட்டா?"

"என்ன செய்தீர்கள்?"

"தள்ளி உக்காருங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

முதல் மரங்கள் தென்பட்டபோது தம்பியின் உதட்டில் சிவப்பு வந்திருந்தது. பிழைத்துக்கொண்டான். இனி மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கீழேயே வேலை தேடிக்கொண்டான். அக்காவையும் இருக்கச் சொல்லி அழுதான். அவன் தேறும்வரை இருந்துவிட்டு, அக்கா மலை ஏறினார். செவிலி ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நாள்தோறும் அவர் முதுகைக் கேட்டார்.

"திரும்பி ஏறும்போது எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"பயமா இருந்தது. இவங்க முதுகைக் கேக்க ஆள் இல்லாம இருக்குமேன்னு அதைவிடப் பயமா இருந்தது."

நான் கிளம்பிய காலை, லாரி உறுமிக்கொண்டு நின்றது. அக்கா என் கையைப் பற்றினார். விடை கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் வெளுத்தது. ரத்தம் ஓடி உடனே சிவக்க வேண்டிய நகத்தில், விரலை எடுத்தபிறகும் வெள்ளை அப்படியே நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அக்கா தலை நிமிரவில்லை. சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தபடி, என் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.