பின் கதவைத் திறந்து பார்த்தீர்களா?

சங்கரா மீனும் வெயிலில் காய்ந்த ரெக்சினும் கலந்த ஒரு வாசனை... எங்கள் முதல் காரின் வாசனை அது. இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது!

நேற்று ஆபீஸில் ஒரு பெண், "அக்கா, பழைய கார் வாங்கலாம்னு இருக்கேன், இன்னா பாக்கணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்குக் குஷி கிளம்பிவிட்டது. டீ ஆறிப்போகும்வரை பேசியிருக்கிறேன்.

அப்போது எனக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வீடு வீராம்பட்டினம். எங்கள் குடும்பத்தில் கடலையும் மீனையும் விட்டு மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான்.

அம்மா பாண்டி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். கூடை சுமந்து சுமந்து முட்டி போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் காலை மடக்க முடியாது. மார்க்கெட்டை விட்டதிலிருந்து வீட்டோடு சரி. "அவளுங்கள்லாம் இருக்காளுங்களோ இல்லையோ" என்று மார்க்கெட் கூட்டாளிகளை நினைத்துத் தினமும் ஒரு புலம்பல்.

அவளைக் காரில் கொண்டுபோய் அந்த மார்க்கெட் வாசலில் இறக்கிவிட வேண்டும்... எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கார் என்று வாயைத் திறந்ததும் ஆளாளுக்கு அட்வைஸ். கம்பெனி சூப்பர்வைசர் சொன்னார்: "சொல்தா வீட்டு வண்டியா பாரும்மா. கண்ண மூடிக்கினு வாங்கலாம்."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைத்தான் எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாதி வருஷம் பிரான்ஸில் இருப்பார்கள், கார் பாட்டுக்கு ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். "கடலோரம் நிறுத்துன வண்டி மட்டும் வேணாம், உப்புக் காத்து தின்னுருக்கும்" என்று இன்னொரு அட்வைஸ். எங்கள் வீடே கடலோரம்தான், அதை எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை!

தேடிப் பிடித்தோம் ஒரு சொல்தா வீட்டு வண்டியை. வெள்ளை நிறம், நீளமாக, பளபளவென்று... பார்த்ததும் மனசு அடித்துக்கொண்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா வாழ்நாளில் படகு வாங்கியிருக்கிறாரே தவிர கார் வாங்கியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், நேராக வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டார். விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நகத்தால் சுரண்டினார். கூட வந்த சித்தப்பா அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்.

சொல்தா காபியை உறிஞ்சிக்கொண்டே, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, "என்ன முசியே, வண்டிய கடல்ல எறக்கப் போறீங்களா?" என்றார்.

வெளியே வந்த நைனா ஒரே வார்த்தைதான் சொன்னார். "அடி சுத்தம்!"

வீட்டில் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. சொல்தாவே ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெரு மொத்தமும் கூடிவிட்டது. அம்மா நல்ல புடவை கட்டி, வெற்றிலை போட்டுத் தயாராக நின்றாள்.

பின் கதவைத் திறந்தேன். அம்மா கூரையைப் பிடித்துக் குனிந்தாள். சீட் எங்கேயோ கீழே கிடக்கிறது... இன்னும் குனிந்தாள். முட்டி மடங்கவில்லை. பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.



"நல்ல வண்டிடி. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுலயே இருக்கேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நைனா தலையைச் சொறிந்தார். "படகுக்கு ஏது கதவு? எனக்கின்னா தெரியும்?"

சொல்தா மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டம்மாவுக்கும் முட்டிதான். அதனாலதான் விக்கிறேன். நீங்க கேக்கவே இல்லியே, அடியிலயே இருந்தீங்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் சாரம் ஏரியாவில் ஒரு பச்சைக் கார். உயரமாக, டப்பா மாதிரி இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி. இந்த முறை அம்மாவை ஒரு தனி ஆட்டோ பிடித்து, காலை நீட்ட வைத்து, எப்படியோ கூட்டிக்கொண்டு போனோம். நைனா வழக்கம்போல் வேட்டியை மடித்தார்.

"நீ நவுரு. மொதல்ல நான் குந்திப் பாக்கறேன்" என்றாள் அம்மா.

முதுகைக் காட்டித் திரும்பினாள். சீட் சரியாக இடுப்பு உயரத்துக்கு இருந்தது. உட்கார்ந்தாள், மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தாள், காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஏய்... குந்திட்டேன்டி!"

அந்தச் சத்தம் சாரம் முழுக்கக் கேட்டிருக்கும்! இன்ஜின் எப்படி என்று நான் கேட்கவே இல்லை. நைனாதான் மனசு கேட்காமல் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, "ஓரத்துல கொஞ்சம் துரு இருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போவுது" என்றாள் அம்மா.

முதல் சவாரி கோயிலுக்குத்தானே போக வேண்டும்? அம்மா மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் கூட்டாளிகள் மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். காரைச் சுற்றி நின்று ஒரே கூச்சல், அழுகை, கெட்ட வார்த்தை... திரும்பும்போது மடி நிறைய சங்கரா மீன். பை ஒழுகி சீட்டெல்லாம் தண்ணீர். எதைப் போட்டுக் கழுவியும் அந்த வாசனை போகவில்லை.

இப்போது எங்களிடம் புதுக் கார். ஏசி, கேமரா, பாட்டுக்கு ஒரு பெரிய ஸ்கிரீன். ஷோரூம் பையன் மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தபோதே அம்மா பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் சௌகரியம்தான், ஆனால் வண்டியில் ஒரு வாசனையும் இல்லை.

போன மாதம் பச்சைக் காரை விற்றோம். வாங்க வந்த தம்பி செல்போன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டான். அவன் அம்மா கேட் பக்கத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

நாற்காலியில் இருந்த எங்கள் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அடிய அப்பறம் பாரு. மொதல்ல அம்மாவ குந்த வை! ஏம்மா, முதுக காட்டித் திரும்பு... மேல பிடி இருக்கு பாரு, அத புடிச்சிக்க."

அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருமுறை மூச்சை இழுத்தார். "மீன் வாசன அடிக்குதே?"

"அடிக்கும்" என்றாள் அம்மா, அவ்வளவு பெருமையாக. "அது போவாது."