காதுக்குக் கீழே ராணி

தேனிக்கு மேற்கே வேகமாக நடந்துகொண்டிருந்தேன். நாடகக் கொட்டகையை விட்டுச் சொல்லாமல் கிளம்பியவன் நான். ஆள் அனுப்பித் துரத்துவார்கள் என்ற நினைப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாயிற்காப்போன் வேஷக்காரனைத் துரத்திப் பிடிக்க எந்தக் கம்பெனியும் ஆள் அனுப்பாது என்பது, போடி மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதன் பிறகு மெதுவாக நடந்தேன்.

பின்னால் வந்த காலி மாட்டு வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

"ஏ ஆத்தா! ஓரமாப் போ, மாடு மெரளுது!"

ஒதுங்கித் திரும்பினேன். என் மீசையைப் பார்த்ததும் மாட்டைவிட அவர்தான் அதிகம் மிரண்டார்.

"அட, ஆம்பளையா? பின்னாடி பாத்தா ஒண்ணு, முன்னாடி பாத்தா ஒண்ணு. எதுப்பா நெசம்?"

எனக்கே அது அப்போது தெளிவாக இல்லை. அவர் இரக்கப்பட்டு வண்டியில் ஏறச் சொன்னார். "ஆனா முன்னாடி பாத்து உக்காரு. மீசை வெளியே தெரியட்டும். நான் யாரையோ இழுத்துக்கிட்டு ஓடுறேன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துரும்" என்றார். அப்படியே உட்கார்ந்தேன்.

என் முடி பிறவியிலேயே சுருட்டை. மிளகைக் கொட்டிவைத்தது போல இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாடகக் கம்பெனிக்குப் போய் ராணி வேஷம் கிடைத்தபோது, ராணிக்குச் சுருட்டை ஆகாது என்றார் நாடக வாத்தியார். ஒப்பனைக்காரர் சலவைக்கு வைத்திருந்த உவர்மண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்து என் தலையில் அப்புவார். நான் எரிகிறது என்று கத்தினால் இன்னும் கொஞ்சம் பொறு என்பார். கத்துவதை நிறுத்தினால்தான் பயந்துபோய்க் கழுவுவார். பிறகு விளக்கெண்ணெய் தடவி, காய்ச்சிய இரும்புக் கம்பியால் இழுப்பார். மண்டைத் தோல் உரியும். முடி மட்டும் இடுப்பு வரை வாழை நாராகத் தொங்கும். நான் கூந்தலை அவிழ்த்துப் புலம்பும் இடத்தில் சனங்கள் கைதட்டுவார்கள். அதற்காகத் தோல் போனால் போகட்டும் என்றிருந்தேன்.

பிறகு குரல் உடைந்தது. ராணி தோழியானாள், தோழி வாயிற்காப்போன் ஆனாள். வாயிற்காப்போன் தலைப்பாகைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யார் பார்க்கிறார்கள்? சுண்ணாம்பு நின்றது. வேரிலிருந்து என் பழைய சுருட்டை கிளம்பி வந்தது. காதுக்கு மேலே நான் இருந்தேன். காதுக்குக் கீழே ராணி தொங்கிக்கொண்டிருந்தாள். வெட்ட மனம் வரவில்லை. என்னிடம் இருந்த பொருட்களில் கைதட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

இந்த இரட்டைத் தலையைப் பராமரிப்பது பெரிய சோலி. மேலிருந்து சீப்பை இழுத்தால் சுருட்டையும் நீட்டமும் சேரும் இடத்தில் நின்றுவிடும். பலவந்தம் செய்தால் அந்த இடத்திலேயே முறியும். கொண்டை போட்டால் வழுவழுப்பான நுனி நழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். வாழை நாரால் கட்டிவைப்பேன். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சீவ வேண்டும் என்பதை நான் கண்டுபிடிப்பதற்குள் பாதி ராணி உதிர்ந்துவிட்டாள்.

போடியில் இறங்கியதும் வேலை கிடைக்குமா என்று விசாரித்தேன். ஏலக்காட்டுக் கங்காணி ஒருவர் மறுநாள் காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு குரங்கணி வழியாக மலையேறுகிறார் என்றார்கள். சேர்த்துக்கொண்ட ஆளுக்கு அன்று மாலையிலிருந்தே கஞ்சி. முந்தின நாள் காலையிலிருந்து நான் தண்ணீர் மட்டும் குடித்திருந்தேன். எப்படியும் சேர்ந்துவிட வேண்டும் என்று, புழுதித் தலையோடு போகாமல் ஆற்றில் இறங்கினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அக்காள் ஒருத்தியிடம் ஒரு கை அரப்புத் தூள் கேட்டு வாங்கி, அவசரத்தில் முழு முடியையும் உச்சியில் குவித்து, வேட்டி கசக்குவது போலக் கசக்கினேன். அதுதான் கெட்டது. சுருட்டை நீட்டத்தைப் பிடித்தது. நீட்டம் சுருட்டையைச் சுற்றியது. காய்ந்தபோது பின்னந்தலையில் தேங்காய் நாரை முறுக்கிய கயிறு போல ஒரே சிக்காக ஒரு திரணை.

அந்த அக்காள் தன் நாலு முடியை முடிந்துகொண்டே சொன்னாள்: "அப்பு, இது ரெண்டு பேரு முடி. யாரு கூடச் சண்டை போட்டுப் பிடுங்கிட்டு வந்த?" அவளும் மறுநாள் மலையேறும் ஆள்தான்.

கங்காணி புளியமரத்தடியில் நின்று ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தலையாட்டினார். திரும்பச் சொன்னார். திரும்பினேன். பின்வாங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சடை விழுந்திருக்கு. எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்ட முடி?"

"சாமிக்கெல்லாம் இல்லண்ணே. சிக்கு."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிற ஆளை மலைக்குக் கூட்டிட்டுப் போயி, நீ காய்ச்சல்ல போயிட்டன்னு வையி, சாமி யாருகிட்டக் கேக்கும்? என்கிட்டல்ல கேக்கும்! கோயில்ல இறக்கிட்டு வா. அடுத்த தடவை பாப்போம்."

நான் ராணி கதையைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் புலம்பிக் காட்டச் சொன்னான். பசி, புலம்பியும் காட்டினேன். கங்காணி சிரிக்கவில்லை.

"சாமியும் இல்ல, கூத்தாடியும் இல்ல, மனுசத் தலையோட காலையில வா. வந்தா சேத்துக்கிறேன்."

கஞ்சிப் பானை என் கண்ணெதிரே இருந்தது. அதைத் தாண்டி நாவிதரிடம் போனேன். அவர் தெருக்கோடி வேம்படியில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பின்னந்தலையைப் பார்த்ததும் கத்தியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

"சடையில நான் கத்தி வைக்க மாட்டேன் அப்பு. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

"சத்தியமா இது சடை இல்லய்யா."

"அப்ப சீப்பு ஏறணும். சாமி சடையில சீப்பு ஏறாது. பொழுது இருக்கும்போதே சீவிக் காட்டு, வெட்டுறேன்."

என்னிடம் இருந்தது பல் போன மரச்சீப்பு. எண்ணெய் கிடையாது. அப்போதுதான் அந்த வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அந்தப் பக்கம் வந்தார். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாயை அவிழ்த்தார். அச்சுக்கு விடும் விளக்கெண்ணெய். பாதி கறுப்பாக இருந்தது.

"என் சக்கரமே சுத்துது. உன் சீப்பு ஓடாதா?"

குழாயைக் கவிழ்த்தார். கழுத்து வழியாக முதுகில் ஓடியது. மாடுகள் இரண்டும் தங்கள் வண்டிதானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தன. நான் தரையில் உட்கார்ந்து, திரணையை முன்னால் இழுத்து, நுனியில் தொடங்கினேன். விரலால் பிரித்து, சீப்பு வைத்து, மறுபடி விரலால் பிரித்து, ஒரு கட்டை விரல் அளவு மேலே ஏறி. ஆற்றில் பார்த்த அக்காளும் இன்னும் சிலரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மேடையில்கூட எனக்கு இத்தனை அமைதியான கூட்டம் அமைந்ததில்லை. சீப்பில் ஒரு பல் போனது. சாயங்கால வெயில் வேப்பமர உச்சிக்கு ஏறியபோது, அந்தச் சேரும் இடத்தில் சீப்பு நின்றது.

"நின்னுருச்சு" என்றார் நாவிதர், எழுந்திருக்கத் தயாராக.

"இருங்கய்யா." எண்ணெய்க் கையால் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுருளாக விடுவித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கூட்டத்தில் ஒருத்தி அதைப் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சீப்பு மேலிருந்து கீழ் வரை ஒரே ஓட்டமாக இறங்கியது.

வண்டிக்காரர் கை தட்டினார். வாங்கிய கைதட்டுகளில் அதுதான் ராணிக்குக் கடைசி.

நாவிதருக்கு அடுத்த சந்தேகம். "மொட்டையா, குடுமியா?"

"ரெண்டும் வேணாம். சுருட்டையை விட்டுட்டு, நீட்டத்தை மட்டும் எடுங்க."

"அதென்ன கணக்கு?" என்று முனகிக்கொண்டே கத்தரியை எடுத்தார். எல்லை எங்கே என்று நான் விரல் வைத்துக் காட்டக் காட்ட வெட்டினார். வெட்ட வெட்ட, பாரம் போன சுருள்கள் ஒவ்வொன்றாகத் துள்ளி மேலே ஏறின. அவர் கண்ணாடியை நீட்டினார். உள்ளே ஒரு கதாநாயகன் இருப்பான் என்று எதிர்பார்த்தேன். எண்ணெய் வழியும் வாயிற்காப்போன்தான் இருந்தான். ஆனாலும் தலை முழுக்க ஒரே ஆளாக இருந்தான்.

ராணி தரையில் கிடந்தாள். கங்காணிக்கு முகத்தைக் காட்டிக் கஞ்சி வாங்கும் அவசரத்தில் நான் எழுந்தபோது அக்காள் கேட்டாள்: "அப்பு, இதை நான் எடுத்துக்கிறட்டா? அலசிச் சவுரி கட்டிக்கிறேன். எனக்குக் கொண்டையே நிக்க மாட்டேங்குது."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மேலும் அங்கே நின்றால் புலம்பிவிடுவேன் போல இருந்தது. புளியமரத்தடியில் கங்காணி என் தலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காலையில பாப்போம், இப்பக் குடி" என்றார். குடித்தேன். எண்ணெய் வாடைக்கு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதனால் இடம் தாராளம்.

காலையில் ஆற்றில் அரப்புப் போட்டு, இந்த முறை கசக்காமல், விரலால் கோதி அலசினேன். காய்ந்ததும் முடி பழையபடி மிளகுக் குவியலாக எழுந்து நின்றது. மலைக்கு ஏற்ற வேண்டிய அரிசிச் சிப்பங்களை ஆட்கள் சும்மாடு சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் சும்மாட்டுக்குத் துணி இல்லை. துண்டு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கங்காணி கிட்ட வந்து, என் உச்சியை உள்ளங்கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். அமுக்கியது மேலே வந்தது.

"உனக்கு எதுக்குடா சும்மாடு? வெரசா வா" என்று ஒரு சிப்பத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

முன்னால் அந்த அக்காள் ஏறிக்கொண்டிருந்தாள், கைப்பருமன் கொண்டையோடு. குரங்கணி ஏற்றம் முழுக்க நான் அரிசியைச் சுமந்துகொண்டு ராணிக்குப் பின்னால் நடந்தேன்.